ஓய்வுக்காலச் சேமிப்பு எத்தனை ஆண்டு தாங்கும்? ஆன்லைன் கால்குலேட்டரில் சரியாகக் கணக்குப் போடுவது எப்படி

போன வருடம் மார்ச் கடைசியில் என் சித்தப்பா ஓய்வு பெற்றார். கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் 31 வருட வேலை. ஏப்ரல் முதல் வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது போனை என்னிடம் நீட்டினார். "பாரு கண்ணு, 70 லட்சத்தைப் போட்டு மாசம் 35,000 எடுத்தாலும், 30 வருசம் கழிச்சு ஒண்ணரைக் கோடி மிச்சம் இருக்குமாம்." முகமெல்லாம் நிம்மதி.

அவர் பார்த்தது ஒரு எஸ்டபிள்யூபி கால்குலேட்டர். மொத்தமாக ஒரு தொகையைப் போட்டு மாதாமாதம் எடுத்தால் என்ன மிஞ்சும் என்று காட்டும் கருவி. வட்டி 7.5 சதவீதம் என்று கொடுத்திருந்தார். கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்குப்படி 30 வருடம் கழித்தும் பாலும் அரிசியும் மாத்திரையும் இன்றைய விலைக்கே கிடைக்கும். விலைவாசிக்கென்று அதில் ஒரு கட்டமே இல்லை.

அதே எண்களை வைத்துக்கொண்டு, செலவு ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறும் என்பதை மட்டும் சேர்த்தேன். பணம் 19ஆவது வருடத்தின் பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது. அப்போது சித்தப்பாவுக்கு 79 நெருங்கியிருக்கும். சித்திக்கு 74கூட ஆகியிருக்காது.

அன்று ராத்திரி இருவரும் உட்கார்ந்து முதலிலிருந்து போட்டோம். அந்த வரிசையில்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உதாரண எண்கள் எல்லாம் சித்தப்பா வீட்டுடையவை. உங்கள் எண்களை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நோட்டு, அப்புறம் கால்குலேட்டர்

எந்தக் கால்குலேட்டரும் முதலில் கேட்பது மாதம் எவ்வளவு எடுப்பீர்கள் என்பதைத்தான். இதற்கு வாயில் வருகிற எண்ணைக் கொடுத்தால் மீதி எல்லாமே வீண். நம் எல்லோருக்கும் மாதச் செலவு நினைவிருக்கும், வருடச் செலவு மறந்துபோகும்.

வங்கிக் கணக்கின் 12 மாத ஸ்டேட்மென்ட்டை எடுத்துவைத்து ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். பால், மளிகை, காய்கறி, கேஸ், மருந்து, போன் ரீசார்ஜ் இவை மாதாமாதம் வருபவை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லைப் பாதியாக்குங்கள். அரையாண்டு வீட்டுவரி, வண்டி இன்சூரன்ஸ், மருத்துவக் காப்பீட்டு பிரீமியம், தீபாவளி, கோயில் பயணம், வீட்டுக்கு வெள்ளையடிப்பு எல்லாவற்றையும் கூட்டி 12ஆல் வகுங்கள். மொய்யை விட்டுவிடாதீர்கள். சித்தப்பா வீட்டில் ஒரு வருடத்து மொய் மட்டும் 18,000 ரூபாய் வந்தது. வேலையிலிருந்து நின்றால் மொய் குறையாது. அந்த வயதில்தான் கல்யாண வீடுகள் அதிகம்.

வேலைக்குப் போனதால் மட்டும் ஆன செலவுகளைக் கழித்துவிடலாம். பெட்ரோல், கேன்டீன், கட்டி முடித்த கடன் தவணை போன்றவை.

சித்தப்பா 35,000 என்று நினைத்திருந்தார். எழுதிக் கூட்டியபோது 39,000 வந்தது. பி.எஃப் ஓய்வூதியம் மாதம் 4,000 வருவதால், சேமிப்பிலிருந்து எடுக்க வேண்டியது மறுபடி 35,000 என்று நின்றது. அந்த 4,000 கைச்செலவுக்கு என்று அவர் வைத்திருந்த எண்ணம் அன்றோடு போனது.

எந்தப் பணத்தைச் சேர்ப்பது

மாதச் செலவுக்காக எடுக்கக்கூடிய பணம் மட்டும் இதில் வரும். பி.எஃப், கிராஜுவிட்டி, எஃப்.டி, மியூச்சுவல் ஃபண்ட், அஞ்சலகச் சேமிப்பு வரலாம். குடியிருக்கும் வீடு வராது. வீட்டு நகையையும் சேர்க்காதீர்கள், விற்கும் நாள் வரை அது வருமானம் தராது. பிள்ளைகளுக்குக் கைமாற்றாகக் கொடுத்தது திரும்பி வந்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

சித்தப்பாவிடம் மொத்தம் 82 லட்சம் இருந்தது. அதில் 12 லட்சம் மகள் கல்யாணத்துக்கு. அதை அவர் முதலிலேயே ஒதுக்கிவிட்டது எனக்குப் பிடித்திருந்தது. பலர் இதைச் சேர்த்தே கணக்குப் போட்டுவிட்டு, மூன்றாம் வருடம் ஒரே நாளில் எடுத்துவிடுகிறார்கள்.

எத்தனை வருடத்துக்கு வேண்டும்

இந்தியாவில் 60 வயதைத் தொட்ட ஒருவர் சராசரியாக இன்னும் 18 ஆண்டுகள் போல வாழ்கிறார். பலர் இதைப் பார்த்துவிட்டு "78 வரைக்கும் இருந்தால் போதும்" என்று நிறுத்திக்கொள்கிறார்கள். சராசரி என்றால் ஏறக்குறைய பாதிப் பேர் அதைத் தாண்டியும் இருப்பார்கள். அப்படித் தாண்டுபவர்களுக்குத்தான் பணம் தேவைப்படுகிறது.

இதைவிட முக்கியமானது, கால்குலேட்டரில் கணவன் வயதைப் போடாமல் இருவரில் இளையவர் வயதைப் போடுவது. நம் குடும்பங்களில் பெரும்பாலும் மனைவி நான்கைந்து வயது இளையவர், ஆயுளும் பெண்களுக்குச் சற்று அதிகம். சித்திக்கு 55. அவருக்கு 90 வயது வரை என்றால் 35 வருடம். கணவன் இறந்தபின் பி.எஃப் ஓய்வூதியமும் மனைவிக்குப் பாதிதான் வரும். சித்தப்பா இதைக் கேட்டதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் அதுவரை தன் ஆயுளுக்குத்தான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

வட்டிக் கட்டத்தில் என்ன எண்

கால்குலேட்டரைத் திறந்ததும் 10, 12 என்று ஒரு விகிதம் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். முதலில் அதை அழியுங்கள். உங்கள் பணம் எங்கே இருக்கிறதோ அதற்கேற்ற எண்தான் வேண்டும்.

சித்தப்பாவின் திட்டம் இப்படி. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உச்சவரம்பான 30 லட்சம், 8.2 சதவீதத்தில். எஃப்.டியில் 20 லட்சம், 6.75 சதவீதத்தில். பங்கும் கடன்பத்திரமும் கலந்த ஃபண்டில் 20 லட்சம், 9 சதவீதம் என்ற எதிர்பார்ப்பில். ஒவ்வொன்றின் ஆண்டு வருமானத்தையும் கூட்டினால் 2,46,000, 1,35,000, 1,80,000. மொத்தம் 5,61,000. இதை 70 லட்சத்தால் வகுத்தால் 8 சதவீதம்.

8 கிடைத்தும் நாங்கள் 7.5 போட்டதற்குக் காரணம் இருக்கிறது. மூத்த குடிமக்கள் திட்டத்தில் சேரும்போது உள்ள வட்டி ஐந்து வருடத்துக்கு மாறாது. அப்புறம் நீட்டித்தால் அன்றைய விகிதம்தான். 2015-16இல் இதே திட்டம் 9.3 சதவீதம் கொடுத்தது. 2020 ஏப்ரலில் 7.4க்கு இறங்கியது. 2023 ஏப்ரலில் 8.2 ஆனது. பி.பி.எஃப் என்ற பொது வருங்கால வைப்பு நிதி 2000ஆம் ஆண்டு ஜனவரி வரை 12 சதவீதம் கொடுத்தது என்பதை வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 2020 முதல் அது 7.1. முப்பது வருடத்துக்கு இன்றைய வட்டி நீடிக்கும் என்று நம்பிக் கணக்குப் போடக் கூடாது.

வரியையும் கழித்துத்தான் விகிதம் போட வேண்டும். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் 12 லட்சம் வரையிலான வருமானத்துக்கு வரித் தள்ளுபடி இருப்பதால் சித்தப்பாவுக்கு வட்டியின் மேல் வரி வராது. பங்கு ஃபண்டை விற்று வரும் நீண்டகால லாபம் இந்தத் தள்ளுபடிக்குள் வராது. ஆண்டுக்கு 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட லாபத்துக்கு 12.5 சதவீதம். உங்கள் வருமானம் அதிகமென்றால், வரி போக நிற்கும் விகிதத்தைப் போடுங்கள்.

விலைவாசிக் கட்டம்

ரிசர்வ் வங்கியின் பணவீக்க இலக்கு 4 சதவீதம். அதற்கு மேலும் கீழும் 2 சதவீதம் போகலாம் என்பது வரம்பு. அப்படியிருக்க நான் 6 போடச் சொல்வது ஏன்? விலைவாசியை அளக்க அரசாங்கம் எடுத்துக்கொள்ளும் பொருட்களின் கூடையில் எல்லா வயதினரின் செலவும் கலந்திருக்கிறது. வயதானவர்கள் வீட்டுக் கூடையில் மருந்தும் ஆஸ்பத்திரியும் வேலைக்கு வரும் அம்மாவின் சம்பளமும் அதிக இடம் பிடிக்கும், இவை வேகமாக ஏறும்.

6 சதவீதம் என்றால் 12 வருடத்தில் செலவு இரட்டிப்பாகும். இன்றைய 35,000 ரூபாய், 20 வருடம் கழித்து 1,12,000 ரூபாய். சித்தப்பாவுக்கு இதை நம்ப முடியவில்லை. "நீங்க வேலைக்குச் சேர்ந்தப்ப சம்பளம் எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு?" என்று கேட்டேன். சொல்லிவிட்டு அவரே தலையாட்டினார்.

எந்தக் கால்குலேட்டர்

இணையத்தில் மூன்று வகை கிடைக்கின்றன.

ஒன்று, சித்தப்பா பார்த்த எஸ்டபிள்யூபி வகை. மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களும் முதலீட்டு ஆப்களும் இதை இலவசமாக வைத்திருக்கின்றன. தொகை, மாதம் எடுப்பது, விகிதம், வருடம் என்று நான்கே கட்டம். சிலவற்றில் மட்டும் ஆண்டுதோறும் எடுக்கும் தொகையை உயர்த்தும் வசதி உண்டு. தேடும்போது இன்ஃப்ளேஷன் (விலைவாசி ஏற்றம்) என்ற சொல்லையும் சேர்த்துத் தேடுங்கள்.

இரண்டாவது, ஓய்வுக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று சொல்பவை. இவை இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு. ஓய்வு பெற்றவர்களுக்கு இவற்றால் பெரிய பயன் இல்லை.

மூன்றாவது, கடந்தகாலச் சந்தை வரலாற்றை ஓட்டிப் பார்ப்பவை. அமெரிக்காவின் ஃபயர்கால்க் இதில் பெயர்பெற்றது. 1871இல் தொடங்கி ஒவ்வொரு ஆண்டிலும் நீங்கள் ஓய்வு பெற்றிருந்தால் பணம் தாங்கியிருக்குமா என்று பார்த்து, நூற்றுக்கு எத்தனை முறை தாங்கியது என்று சொல்லும். "4 சதவீத விதி" என்று அடிக்கடி கேள்விப்படுவதும் இதே வழியில் வந்ததுதான். 1994இல் வில்லியம் பெங்கன் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1926 முதலான தரவுகளை வைத்து, முதல் வருடம் 4 சதவீதம் எடுத்து, பிறகு விலைவாசிக்கேற்ப உயர்த்திக்கொண்டே போனாலும் 30 வருடம் தாங்கும் என்று காட்டினார். அது அமெரிக்கப் பங்குகள், அமெரிக்கக் கடன்பத்திரங்கள், அமெரிக்க விலைவாசி. ரூபாயில் அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் ஓர் எச்சரிக்கை மணியாகப் பயன்படும். சித்தப்பா எடுக்க நினைத்தது ஆண்டுக்கு 4.2 லட்சம், அதாவது 70 லட்சத்தில் 6 சதவீதம். 4 சதவீதம் என்றால் மாதம் 23,000 சொச்சம்தான்.

எதைப் பயன்படுத்தினாலும் சரி, விடை காட்டும் முன் போன் நம்பரோ பான் நம்பரோ கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். இந்தக் கணக்குக்கு உங்கள் பெயர்கூடத் தேவையில்லை. நம்பர் கொடுத்தால் மறுநாளே பாலிசி விற்க அழைப்பு வரும்.

விலைவாசிக் கட்டம் இல்லாத கால்குலேட்டரிலும் சரியான விடை வாங்க ஒரு வழி இருக்கிறது. 1.075ஐ 1.06ஆல் வகுங்கள். 1.014 வரும். அந்த 1.4 சதவீதத்தை வட்டிக் கட்டத்தில் போடுங்கள். விலைவாசி போக உங்கள் பணம் உண்மையில் வளரும் வேகம் அதுதான். 70 லட்சம், 35,000, 1.4 சதவீதம் என்று கொடுத்து, மீதி பூஜ்யமாகும் வரை வருடத்தை நகர்த்திக்கொண்டே போனால் 19இல் வந்து நிற்கும். சில கருவிகள் தசமத்தை ஏற்காது, அங்கே 1 போடுங்கள். கொஞ்சம் குறைவாகக் காட்டினால் தவறில்லை.

சொந்தமாக ஒரு தாள்

கால்குலேட்டர் ஒரு விடையைச் சொல்லும். ஆனால் பணம் எப்படிக் கரைகிறது என்பதைப் பார்க்க வேண்டுமென்றால் கூகுள் ஷீட்ஸில் அரைமணி நேரம் செலவிடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

மேலே இரண்டு கட்டங்களில் வட்டி 7.5, விலைவாசி 6 என்று எழுதுங்கள். கீழே ஏழு பத்தி: ஆண்டு, வயது, தொடக்க இருப்பு, எடுப்பது, எடுத்தபின் மீதி, வட்டி, இறுதி இருப்பு. ஆண்டுத் தொடக்கத்திலேயே அந்த வருடச் செலவை எடுத்துவிடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தது போக மீதிக்கு வட்டி. அடுத்த வரியின் தொடக்க இருப்பு, இந்த வரியின் இறுதி இருப்பு. அடுத்த வரியில் எடுப்பது, இந்த வருடம் எடுத்ததைவிட 6 சதவீதம் கூட. இரண்டாவது வரியைச் சரியாக எழுதிவிட்டால் கீழே இழுத்துவிட மீதி தானாக நிரம்பும். வட்டி, விலைவாசிக் கட்டங்களைக் குறிப்பிடும்போது டாலர் குறி ($B$1 என்பதுபோல) சேர்க்க மறந்தால் இழுக்கும்போது கணக்கு கலைந்துவிடும்.

சித்தப்பாவின் முதல் நான்கு வருடம் இப்படி வந்தது.

முதல் ஆண்டு: தொடக்கம் 70,00,000, எடுப்பது 4,20,000, வட்டி 4,93,500, இறுதி 70,73,500.
இரண்டாம் ஆண்டு: எடுப்பது 4,45,200, இறுதி 71,25,422.
மூன்றாம் ஆண்டு: எடுப்பது 4,71,912, இறுதி 71,52,523.
நான்காம் ஆண்டு: எடுப்பது 5,00,227, இறுதி 71,51,218.

முதல் மூன்று வருடமும் இருப்பு ஏறுகிறது. வீட்டில் எல்லோரும் தைரியமாக இருப்பார்கள். மகனுக்குக் கார் வாங்க நான்கு லட்சம் கொடுக்கலாமே என்று தோன்றுவதும் இந்த வருடங்களில்தான். நான்காம் வருடம் முதல்முறையாக ஆயிரம் ரூபாய் சொச்சம் குறைகிறது, யார் கண்ணுக்கும் தெரியாது. பத்தாம் வருடக் கடைசியில்கூட 63 லட்சம் இருக்கிறது. 15ஆம் வருடக் கடைசியில் 38 லட்சம். 18இல் 10 லட்சம். 19ஆம் வருடச் செலவு மட்டும் 12 லட்சம், இருப்பு பத்து மாதத்துக்குத்தான் வரும்.

பத்து வருடத்தில் ஏழு லட்சம்தான் குறைந்தது, அதற்கடுத்த ஒன்பதே வருடத்தில் 63 லட்சமும் போய்விட்டது. சித்தப்பா இந்தப் பத்தியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தார். பாஸ்புக்கில் இருப்பு நன்றாக இருக்கிறது என்பதை வைத்து மட்டும் நிலைமையை எடைபோட முடியாது என்பது அங்கே புரிகிறது. பிரச்சினை கண்ணுக்குத் தெரியும்போது வயது 75 ஆகியிருக்கும், மறுபடி வேலைக்குப் போக முடியாது.

ஒரு விடை போதாது

மேலே உள்ள இரண்டு கட்டங்களை மாற்றிப் பாருங்கள். விலைவாசி 5 என்றால் சித்தப்பாவுக்கு ஏறக்குறைய 21 வருடம். விலைவாசி 7 என்றால் 17 வருடம் சொச்சம். விலைவாசி 6ஆகவே இருந்து வட்டி 6.5க்கு இறங்கினாலும் அதே 17 சொச்சம். ஆக 17இலிருந்து 21 வரை எதுவும் நடக்கலாம். திட்டம் போடும்போது இருப்பதில் குறைவான எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இதையும் ஓட்டிப் பார்த்தோம். வட்டியை 9 ஆக்கினால் 22 வருடம். வட்டியைத் தொடாமல் மாதம் எடுப்பதை 35,000இலிருந்து 30,000 ஆக்கினால் 22.5 வருடம். கூடுதல் வட்டிக்காக ஏதோ ஒரு நிதி நிறுவனத்தில் பணத்தைக் கொண்டுபோய்ப் போட்டு முடங்கிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஐயாயிரம் ரூபாய் செலவைக் குறைத்தாலே அந்த ஆபத்து எதுவும் இல்லாமல் அதே பலன் கிடைக்கிறது.

கால்குலேட்டர் பார்க்காத மூன்று விஷயங்கள்

பி.எஃப் ஓய்வூதியம் விலைவாசியோடு ஏறாது. இன்றைக்கு 4,000 என்றால் 15 வருடம் கழித்தும் அதே 4,000. நாங்கள் முதலில் 39,000இலிருந்து அதைக் கழித்துவிட்டு 35,000ஐ மட்டும் ஏற்றிக்கொண்டே போனோம். அது தவறு, ஓய்வூதியமும் சேர்ந்து ஏறுவதாக ஆகிவிடுகிறது. தாளில் 39,000ஐ 6 சதவீதம் ஏற்றி, ஒவ்வொரு வருடமும் ஓய்வூதியத்தின் அதே 48,000ஐ (4,000 × 12) கழித்தபோது 18.8 வருடம் என்பது 18 ஆனது. அகவிலைப்படி உள்ள அரசு ஓய்வூதியம் வாங்குபவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

இரண்டாவது, ஆஸ்பத்திரி. ஐந்து வருடம் கழித்து ஒரு அறுவை சிகிச்சைக்குக் காப்பீடு போக 8 லட்சம் கையிலிருந்து போகிறது என்று வைத்தால், 18.8 என்பது 17 வருடமாகிறது. தாளில் ஏதாவது இரண்டு வருடங்களில் இப்படி ஒரு தொகையை வேண்டுமென்றே போட்டுப் பாருங்கள். 2024 அக்டோபர் முதல் 70 வயது நிரம்பிய எல்லோருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. அதுவரைக்கும், 60க்கும் 70க்கும் இடைப்பட்ட பத்து வருடத்துக்கு, சொந்தப் பாலிசியை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது, நஷ்டம் வரும் வரிசை. கால்குலேட்டர் ஒவ்வொரு வருடமும் ஒரே விகிதம் வரும் என்று வைத்துக்கொள்கிறது. பங்குச்சந்தை அப்படி நடப்பதில்லை. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் அதே அக்டோபரில் 8,000க்கும் கீழே போய் வந்தது. 70 லட்சமும் பங்கு ஃபண்டில் இருக்கிறது, மூன்று வருடத்தில் 30 சதவீத இறக்கம், 15 சதவீத ஏற்றம், 40 சதவீத ஏற்றம் என்று வருகிறது என்று வையுங்கள். பணம் எடுக்காதவருக்கு வரிசை எப்படி இருந்தாலும் முடிவு 78.9 லட்சம். சித்தப்பாபோல எடுத்துக்கொண்டிருப்பவருக்கு இறக்கம் முதலில் வந்தால் 60.4 லட்சம், கடைசியில் வந்தால் 67.3 லட்சம். ஏழு லட்சம் வித்தியாசம், ஒன்றரை வருடச் சாப்பாடு. விலை இறங்கியிருக்கும்போது செலவுக்காக யூனிட்டுகளை விற்றுவிடுவதால் அவை திரும்ப ஏறும்போது கையில் இருப்பதில்லை.

இதற்குத் தீர்வு எளிது. மூன்று வருடச் செலவை, சித்தப்பாவுக்கு 12.6 லட்சத்தை, சந்தையோடு தொடர்பில்லாத இடத்தில் வைத்துவிட வேண்டும். மூத்த குடிமக்கள் திட்டத்தின் 30 லட்சம் காலாண்டுக்கு 61,500 வட்டி தருகிறது, மாதம் 20,500 ஆகிறது. மீதியை எஃப்.டியிலிருந்து எடுக்கலாம். எஃப்.டியை வங்கிகளுக்குள் பிரித்துப் போடுங்கள், வங்கி ஒன்றுக்கு 5 லட்சம் வரைதான் வைப்புக் காப்பீடு. ஃபண்டைச் சந்தை நன்றாக இருக்கும் வருடங்களில் மட்டும் தொட்டால் போதும்.

விடை குறைவாக வந்தால்

சித்திக்கு 90 வரை, 35 வருடம் தாங்க வேண்டுமென்றால் சேமிப்பிலிருந்து மாதம் 21,000தான் எடுக்கலாம் என்று தாள் சொன்னது. தேவையோ 35,000. அன்று ராத்திரி இந்த இடத்தில்தான் அதிக நேரம் உட்கார்ந்திருந்தோம்.

மாடி போர்ஷனைச் சாமான் போட்டு வைத்திருந்தார்கள். அதைக் காலி செய்து வாடகைக்கு விட்டால் மாதம் 8,000. வாடகை விலைவாசியோடு ஏறும் வருமானம் என்பதால் தாளில் அதன் பலன் பெரிது. எடுக்க வேண்டியது 27,000 ஆகி, 25.5 வருடம் வந்தது. அப்புறம் பழைய சக ஊழியர் ஒருவரின் ஒர்க்ஷாப்பில் மூன்று வருடம் பகுதிநேர வேலை, மாதம் 20,000. அதைச் சேர்த்ததும் 28 வருடத்தைத் தாண்டியது. ஓய்வின் முதல் சில வருடங்களில் கிடைக்கும் சின்ன வருமானம்கூட முதலைத் தொடாமல் காப்பாற்றுகிறது. அதே வேலையை 70 வயதில் செய்தால் இந்தப் பலன் வராது.

பாக்கி ஏழு வருடத்துக்கு வீடு இருக்கிறது. வீட்டை அடமானம் வைத்து மாதாமாதம் பணம் பெறும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் இங்கே 2007 முதல் உண்டு, குடியிருந்தபடியே வாங்கலாம். அது கடைசி வழியாக இருக்கட்டும் என்று முடிவு செய்தோம். வீட்டைப் பற்றிய பேச்சைப் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு இப்போதே பேசிவிடுவது நல்லது. 85 வயதில் சித்தி தனியாகப் பேச வேண்டிய நிலை வரக் கூடாது.

ஏப்ரலில் மறுபடியும்

இந்தக் கணக்கு ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். நிதியாண்டு தொடங்கும் ஏப்ரலில் மறுபடி உட்காருங்கள். உண்மையான இருப்பு, உண்மையான செலவு, அன்றைய வட்டி மூன்றையும் போட்டு, எத்தனை வருடம் என்பதை நோட்டில் ஒரு வரியாக எழுதுங்கள். போன வருட விடையிலிருந்து ஒரு வருடம்தான் குறைந்திருக்க வேண்டும். அதற்கு மேல் குறைந்திருந்தால், அந்த வருடத்துச் செலவை அப்படியே ஏற்றாமல் போன வருட அளவிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இப்படி ஒரு வருடம் ஏற்றாமல் விடுவது பின்னாலுள்ள எல்லா வருடத்துக்கும் உதவும்.

இந்த ஏப்ரலில் சித்தப்பா என்னைக் கூப்பிடவில்லை, அவரே போட்டுவிட்டுப் படம் எடுத்து அனுப்பினார். மாடியில் ஒரு புதுக் குடும்பம் குடியிருக்கிறது, ஒர்க்ஷாப் வேலை வாரத்தில் நான்கு நாள். இருப்பு 74 லட்சம் சொச்சம், கிட்டத்தட்ட 28 வருடம். வயது என்ற பத்தியை இரண்டாகப் பிரித்திருந்தார். அவருடைய 61க்குப் பக்கத்தில் சித்தியின் கையெழுத்தில் 56.